பனிக்கடலில் ஒரு நாடகமேடை

ஒரு போர்க்கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்குமுன் அதில் ஏற்றப்படும் பொருள்கள் பல. மாவும் இறைச்சியும் எடையிட்டு ஏற்றப்படும். குடிநீர் அளந்து நிரப்பப்படும். வெடிமருந்தும் குண்டும் எண்ணி வைக்கப்படும். கயிறும் பாயும் கணக்கில் எழுதப்படும். ஆனால், எந்தத் தராசிலும் நிறுக்க இயலாத, எந்தக் கணக்கேட்டிலும் எழுத இயலாத பொருள் ஒன்று உண்டு. அது குறைந்துவிட்டால் மற்றவை யாவும் நிறைந்திருந்தும் பயன் இல்லை. அதுவே கப்பலோரின் உள்ளத்தில் உள்ள ஊக்கம்.

நிலத்தில் வாழ்வோர்க்கு மனச்சோர்வு நேர்ந்தால் அதனை மாற்றிக்கொள்ள வழிகள் பல உள்ளன. ஆற்றங்கரைக்குச் செல்லலாம்; உற்றாரைக் காணலாம்; கடைத்தெருவில் உலாவலாம்; திருவிழாவுக்குப் போகலாம். கடலில் செல்வோர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் பார்த்த முகங்களையே மாலையிலும் பார்க்கவேண்டும். நேற்று நடந்த பலகைகளின்மீதே இன்றும் நடக்கவேண்டும். ஒருவரோடு பிணக்கு நேர்ந்தால் அவரை விட்டு விலகிச் செல்லவும் இடம் இல்லை. புயல் வீசும்போது கப்பலோர் சோர்வதில்லை. அப்போது கைக்கு வேலை உண்டு. நெஞ்சுக்குத் துணிவு வேண்டியிருக்கும். வேலையின்றி வாளா இருக்கும் நாள்களே அவர்களுக்குப் பெரும் பகையாகும்.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து, உணவைப் போலவும் மருந்தைப் போலவும் மகிழ்ச்சியையும் முறையாகப் பங்கிட்டளித்த கடற்படைத் தலைவர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் வில்லியம் எட்வர்டு பாரி. சென்னையில் பாரிமுனைக்குப் பெயர் தந்த வணிகர் வேறு, இவர் வேறு. இவர் ஆங்கிலேயக் கடற்படையைச் சேர்ந்தவர்.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து அமெரிக்காவின் வடக்கே பனிக்கடல் வழியாகப் பசிபிக் பெருங்கடலை அடைய ஒரு வழி உண்டு என்று ஐரோப்பியர் நெடுங்காலமாக நம்பினர். அதனைத் தேடிச் சென்றோர் பலர். 1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழியைக் காணும் பொருட்டு ஹெக்லா, கிரைப்பர் என்னும் இரு கப்பல்கள் தேம்ஸ் ஆற்றிலிருந்து புறப்பட்டன. இரு கப்பல்களிலும் இருந்தோர் 94 பேர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாரிக்கு அப்போது வயது 28. கிரைப்பரை மாத்யூ லிட்டன் என்பவர் செலுத்தினார்.

அவ்வாண்டு கோடைக்காலம் அவர்களுக்குத் துணை நின்றது. அதற்கு முன் எந்தக் கப்பலும் செல்லாத தொலைவுக்கு அவர்கள் மேற்கே சென்றனர். செப்டம்பர் 4-ஆம் நாள் 110 பாகை மேற்குத் தீர்க்கரேகையைக் கடந்தனர். அவ்வெல்லையைக் கடப்போர்க்கெனப் பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்த 5,000 பவுன் பரிசும் அவர்களுக்கு உரியதாயிற்று. ஆனால் அதற்குமேல் வழி இல்லை. கடல் உறையத் தொடங்கியது. மெல்வில் தீவின் தென்கரையில் ஒரு சிறு துறையைக் கண்டு, அங்கே குளிர்காலத்தைக் கழிப்பது என்று பாரி முடிவு செய்தார்.

அத்துறையினுள் நுழைவதும் எளிதாக இல்லை. அதன் வாயிலைப் பனிக்கட்டி மூடியிருந்தது. இரண்டு மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்குப் பனியை இரம்பத்தால் அறுத்து, கப்பல் செல்லும் அளவுக்கு ஒரு கால்வாயை வெட்டவேண்டியிருந்தது. மாலுமிகள் மூன்று நாள் அப்பணியில் ஈடுபட்டனர். அறுத்த பனிப்பாளங்களைக் கால்வாயிலிருந்து வெளியே தள்ளுவது கடினமாக இருந்தது. அப்போது வடதிசைக் காற்று நன்கு வீசிற்று. மாலுமிகள் படகுகளின் பாய்களைக் கொணர்ந்து பனிப்பாளங்களின்மீது விரித்துக் கட்டினர். பனிப்பாளங்கள் சிறு ஓடங்களைப் போலத் தாமே மிதந்து சென்றன! கடும் பணியினிடையேயும் விளையாட்டு உள்ளம் அவர்களிடம் இருந்தது. இதனைப் பாரி கண்டார், மகிழ்ந்தார். இவ்வுள்ளம் வாடாமல் காத்தல் தம் கடமை என்பதையும் உணர்ந்தார்.

செப்டம்பர் 26-ஆம் நாள் கப்பல்கள் துறையினுள் நின்றன. அடுத்த கோடை வரும்வரை அங்கிருந்து அசைய இயலாது. பாய்மரங்களின் மேற்பகுதிகள் இறக்கப்பட்டன. மேல்தளத்தின்மீது கூரை அமைத்துத் தடித்த துணி போர்த்தப்பட்டது. ஓடிய கப்பல் இப்போது ஒரு வீடு ஆயிற்று. ஆனால் அந்த வீட்டைச் சூழ்ந்திருந்தவை வெண்பனியும் அமைதியுமே. மரம் இல்லை; ஊர் இல்லை; செல்லும் வழிப்போக்கரும் இல்லை. அவற்றைவிடக் கொடிய ஒன்று வரவிருந்தது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் கதிரவன் அடிவானத்தின் கீழ் மறைவான். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் அவன் முகத்தைக் காண இயலாது.

இருளும் குளிரும் சேர்ந்து மனிதனை எவ்வாறு அழிக்கும் என்பதைப் பாரி அறிவார். கடலோடிகளை வாட்டும் ஸ்கர்வி என்னும் நோய், புதிய காய்கனிகள் இல்லாமையால் வருவது. ஈறுகள் வீங்கும், குருதி கசியும், கால்கள் தளரும், உடல் ஓயும். அந்நோய்க்கு உள்ளச் சோர்வும் துணைபுரியும் என்று அக்காலத்தோர் கருதினர். அந்நோயின் காரணத்தை இன்று மருத்துவ நூல் தெளிவாகக் கூறுகின்றது. உயிர்ச்சத்து 'சி' குறைவதே அதற்குக் காரணம். சிரிப்பினால் மட்டும் அது தீராது. எனினும், சோர்ந்து படுத்தவன் உணவை வெறுப்பான், நடக்க மறுப்பான், தூய்மையைப் பேணமாட்டான். ஆதலால் உள்ளத்தைக் காப்பது உடலைக் காப்பதற்கு முதற்படி என்று பாரி எண்ணியதில் தவறு இல்லை.

முதலில் அவர் நாளுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். வெளியே பகல் என்பதே இல்லாதபோதும் கப்பலினுள் காலை உண்டு, மாலை உண்டு. விடியற்காலை ஆறு மணிக்கு முன்னரே அனைவரும் எழவேண்டும். தளத்தை மணலும் கல்லும் கொண்டு தேய்த்துத் தூய்மை செய்யவேண்டும். உணவுக்குப்பின் வரிசையில் நின்று அதிகாரிகளின் பார்வைக்கு உள்ளாகவேண்டும். ஒவ்வொருவரும் நாள்தோறும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த நீரை ஓர் அதிகாரியின் கண்முன்னே பருகவேண்டும். வாரந்தோறும் மருத்துவர் ஈறுகளை ஆராய்ந்து பார்ப்பார்.

வானிலை இடங்கொடுத்தால் கரையில் நடைப்பயிற்சி உண்டு. பனிக்காற்று வீசும் நாள்களில் அதற்கு மாற்றாக ஒன்றைக் கண்டனர். கப்பலில் ஓர் இசைப்பெட்டி இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் அது பாடும். அதன் தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்து மாலுமிகள் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். இசைப்பெட்டி இல்லாதபோது அவர்களே பாடிக்கொண்டு ஓடுவர். தொடக்கத்தில் சிலர் இதனை விரும்பவில்லை. வளர்ந்த ஆடவரைச் சிறுவரைப் போல ஓடச் செய்வது எதற்கு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் நோய் ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணமும் ஏற்கப்படாது என்று அறிந்தபின் அவர்களும் ஓடினர். சில நாள்களில் அவ்வோட்டமே அவர்களுக்கு வேடிக்கை ஆயிற்று. ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டும் நகைத்துக்கொண்டும் அவர்கள் ஓடுவது வழக்கமாயிற்று.

ஒழுங்கு உடலை இயக்கும். ஆனால் அது மட்டும் உள்ளத்தை நிறைவிக்காது. நாளை என்ன நடக்கும் என்று ஆவலோடு எதிர்பார்ப்பதற்கு மனிதனுக்கு ஏதேனும் ஒன்று வேண்டும். இதற்குப் பாரி கண்ட வழி நாடகம். கப்பலின் அதிகாரிகளே நடிகர்கள். பீச்சி என்னும் இளம் அதிகாரி அரங்கின் பொறுப்பை ஏற்றார். ஹெக்லாவின் பின்தளத்தில் மேடை அமைக்கப்பட்டது. நம் தெருக்கூத்தில் ஆடவர் பெண் வேடம் பூணுவதுபோல, அங்கும் இளம் அதிகாரிகளே பெண் வேடம் தாங்கினர்.

1819-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் முதல் நாடகம் நடைபெற்றது. கதிரவன் விடைபெறும் காலமும் அதுவே. வானத்தில் விளக்கு அணையும் வேளையில் கப்பலினுள் மேடை விளக்குகள் ஏற்றப்பட்டன. இரு கப்பல்களின் மாலுமிகளும் பார்வையாளராக வந்து கூடினர். நாடகம் ஒரு சிறு நகைச்சுவைக் கதை. தலைவராகிய பாரியும் வேடம் பூண்டு மேடை ஏறினார். தம்மை ஆளும் தலைவர் தம்மை நகைக்கச் செய்வதற்காகக் கோமாளித்தனமான வேடத்தில் நிற்பதைக் கண்ட மாலுமிகள் கைகொட்டி ஆர்ப்பரித்தனர். தலைவருக்கு இது தகுமோ என்று கேட்போர் இருக்கலாம். மகிழ்ச்சியாக இருத்தலிலும் தாமே முன்மாதிரியாக நிற்பது தம் கடமைகளுள் சிறியதன்று என்பது பாரியின் கருத்து. 'மகிழ்ந்திருங்கள்' என்று ஆணையிட எவராலும் இயலாது. மகிழ்ந்து காட்ட இயலும்.

அது முதல் இரு வாரங்களுக்கு ஒரு முறை நாடகம் நடந்தது. மேடையில் குளிர் சில வேளைகளில் ஃபாரன்ஹீட் அளவையில் பூச்சியத்துக்கும் கீழ் இறங்கியது. நீர் உறையும் நிலையைவிட அது 32 பாகை குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். மெல்லிய உடை அணிந்த நடிகர்கள் நடுங்கிக்கொண்டே நகைச்சுவை பேசினர். நாடகம் நடந்த மாலைப்பொழுதைக் காட்டிலும், அதனைச் சார்ந்த நாள்களே மிகுந்த பயன் தந்தன. மேடையைக் கட்டுவதற்கு ஒரு நாள். அதனைப் பிரித்து வைப்பதற்கு ஒரு நாள். திரைகளைச் சீர்செய்யவும் உடைகளைத் தைக்கவும் சில நாள்கள். இவ்வாறு ஒரு நாடகம் பல கைகளுக்கு வேலை தந்தது. நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுவதில் ஒரு வாரம் கழியும். வரப்போவதைப் பற்றிப் பேசுவதில் மற்றொரு வாரம் கழியும்.

விரைவில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. கப்பலில் தற்செயலாகக் கிடைத்த நாடக நூல்கள் ஒன்றிரண்டே. அவை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? அதிகாரிகள் தாமே ஓர் இசை நாடகத்தை இயற்றினர். அவர்கள் தேடிவந்த கடல்வழியைக் கண்டு முடித்து, வெற்றியோடு வீடு திரும்புவதே அதன் கதை. டிசம்பர் 23-ஆம் நாள் அது நடிக்கப்பட்டது. பனியில் சிறைப்பட்டிருந்த மாலுமிகள் தாம் வீடு திரும்பும் காட்சியை மேடையில் கண்டனர். அன்று அவர்கள் கண்டது வெறும் கூத்து அன்று. தம் நம்பிக்கையின் உருவமே ஆகும்.

நாடகத்தோடு ஒரு வார இதழும் பிறந்தது. அறிவியல் ஆய்வுக்காக உடன்வந்த எட்வர்டு சபைன் அதன் ஆசிரியர். அச்சுப்பொறி இல்லாமையால் அது கையெழுத்து இதழாகவே வெளிவந்தது. கட்டுரையாளர் தம் பெயரை மறைத்து எழுதி ஒரு பெட்டியில் இடுவர். ஆசிரியர் அவற்றைத் தொகுத்து வெளியிடுவார். நாடக விமரிசனம், வேடிக்கைக் கடிதம், கற்பனை விளம்பரம், செய்யுள் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. எழுதாமல் படிப்பதோடு நின்றவர்கள் கேலிக்கு ஆளாயினர். இங்கே பாரிக்கு ஓர் ஐயம் இருந்தது. சிறிய இடத்தில் அடைபட்டு வாழ்வோரிடையே ஒரு கூர்மையான கேலிச்சொல் ஆறாத புண்ணை உண்டாக்கிவிடக் கூடும். ஆயினும் சபைனின் நல்லறிவில் நம்பிக்கை வைத்து இசைந்தார். அவ்விதழ் 21 வாரங்கள் வெளிவந்தது. பின்னர் 1821-ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சேறியது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது அவர்கள் இன்பமாகவே காலங்கழித்தனர் என்று எண்ணிவிடலாகாது. டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய நாளில், நண்பகல் வேளையில், நூலைத் தென்திசை நோக்கித் திருப்பிப் பிடித்தால்தான் எழுத்துகளை ஒருவாறு படிக்க முடிந்தது. உறங்கும் இடத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் பனியாக உறைந்தது. எலுமிச்சைச் சாறு உறைந்து புட்டிகள் வெடித்தன. பிப்ரவரித் திங்களில் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 55 பாகைவரை சென்றது. ரொட்டியின் அளவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்பட்டது.

உணவு குறையும்போதுதான் ஒரு தலைவனின் நேர்மை வெளிப்படும். வேட்டையில் கிடைத்த மான், பறவை முதலியவை யாவும் பொதுச்சொத்து என்று பாரி விதித்தார். அதிகாரிக்கு ஒரு பங்கு, மாலுமிக்கு ஒரு பங்கு என்ற வேறுபாடு இல்லை. அனைவர்க்கும் ஒரே அளவு. வேட்டையாடியவர்க்கு ஊக்கம் அளிக்கும் பொருட்டு விலங்கின் தலை மட்டும் அவர்க்கு உரியது என்று விதி ஏற்பட்டது. உடனே, தலை என்பது கழுத்தில் எதுவரை என்று ஒரு வழக்கு எழுந்தது! அதுவும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை ஆயிற்று. பங்கீடு நேர்மையாக இருந்தமையால்தான் அவ்வழக்கு சண்டையாக முடியாமல் நகைப்பாக முடிந்தது.

புத்தாண்டின் தொடக்கத்தில், பீரங்கிப் பொறுப்பாளர் ஒருவருக்கு ஸ்கர்வி கண்டது. பாரி தம் அறையில், அடுப்பின் புகைக்குழாயை ஒட்டிச் சிறு பெட்டிகளில் மண் நிரப்பிக் கடுகும் ஒருவகைக் கீரையும் விதைத்தார். வெப்பத்தால் அவை ஒரு வாரத்துக்குள் முளைத்தன. ஒளி இல்லாமையால் நிறமற்று வெளுத்திருந்தன. அவ்வெளுத்த கீரையை உண்ட நோயாளர் விரைவில் குணமடைந்தார். மேடையில் வேடம் பூண்ட தலைவரே தம் அறையில் தோட்டக்காரரும் ஆனார். தம்மவருக்காக இரு வேலைகளையும் ஒரே அக்கறையோடு அவர் செய்தார்.

1820-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், பாய்மரத்தின்மீது ஏறி நின்றோர் கதிரவனைக் கண்டனர். 84 நாள்களுக்குப் பின் அவன் முகம் தோன்றியது. இருள் நீங்கிய அம்மாதத்திலேயே ஒரு சோதனையும் வந்தது. பிப்ரவரி 24-ஆம் நாள், கரையில் கருவிகள் வைத்திருந்த ஆய்வு வீட்டில் தீப்பற்றிக்கொண்டது. மாலுமிகள் கடுங்குளிரைப் பொருட்படுத்தாது ஓடிச் சென்று, பனியை வாரி இறைத்துத் தீயை அணைத்தனர். பலர்க்கு முகத்திலும் கையிலும் உறைபனிப் புண் உண்டாயிற்று. ஓர் அரிய அளவைக் கருவியைக் காக்க விரும்பிய வீரர் ஒருவர் கையுறையும் அணியாமல் அதனைத் தூக்கிவந்து, விரல்கள் சிலவற்றின் பகுதிகளை இழந்தார். மூன்று மாத இருளில் சோம்பிக் கிடந்தவர்கள் இவ்வாறு விரைந்து எழுந்திருக்க முடியுமா? இசைப்பெட்டியின் தாளத்துக்கு ஓடிய கால்களே அன்று தீயை நோக்கியும் ஓடின.

ஆகஸ்டு முதல் நாள் கப்பல்கள் பனியிலிருந்து விடுபட்டன. பத்து மாதச் சிறை முடிந்தது. மேற்கே செல்ல முயன்றும் பனி வழிவிடாமையால், அவ்வாண்டு இறுதிக்குள் அவர்கள் தாயகம் திரும்பினர். புறப்பட்ட 94 பேரில் இறந்தவர் ஒருவரே. 93 பேர் உயிரோடு கரை சேர்ந்தனர்.

பாரியின் பணி இதனோடு முடியவில்லை. 1821-ஆம் ஆண்டில் ஃபியூரி, ஹெக்லா என்னும் கப்பல்களோடு மீண்டும் பனிக்கடலுக்குச் சென்றார். இம்முறையும் நாடகம் உண்டு. தம் பெயரை வெளிப்படுத்த விரும்பாத ஒரு பெண்மணி பரிசாக அளித்த படவிளக்கும் உடன் சென்றது. சுவரில் உருவங்களைக் காட்டும் அது மாலுமிகளை மகிழ்வித்தது. ஆயினும் முதற்பயணத்தின் மகிழ்ச்சியில் ஒரு குறை இருந்தது. அதிகாரிகள் நடித்தனர், அதிகாரிகள் எழுதினர். மாலுமிகளோ பார்வையாளராகவே இருந்தனர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். இக்குறையை நீக்கும் வகையில் இரண்டாம் பயணத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது.

மாலை வேளையில் கப்பலின் கீழ்த்தளத்தில் விளக்கைச் சுற்றி அமர்ந்து, பாய்மரம் ஏறிப் பழகிய முரட்டுக் கைகள் எழுதுகோலைப் பிடித்துப் பழகின. எழுத்தறிந்த தோழரே ஆசிரியர். கற்பதற்கு எவரும் வற்புறுத்தப்படவில்லை, விரும்பியோர் வந்தனர். கிறிஸ்துமஸ் நாளை ஒட்டி, சில திங்களுக்கு முன் எழுத்தை ஒருவாறே அறிந்திருந்தவர்கள் தம் கையால் அழகுற எழுதிய 16 தாள்கள் பாரியிடம் அளிக்கப்பட்டன. வீரம் மிக்க கடலோடிகள் பள்ளிச் சிறுவரைப் போலப் பெருமிதம் கொண்டு நின்றனர். அத்தாள்களைக் கண்டபோது பாரி அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. நாடகத்தைக் கண்ட மாலுமி அன்றைய இரவை மறந்தான். எழுத்தைக் கற்ற மாலுமியோ வாழ்நாள் முழுமைக்கும் ஒரு செல்வத்தைப் பெற்றான். ஓய்வு நேரத்தின் உயர்ந்த பயன் இதுவே அன்றோ?

1824-ஆம் ஆண்டில் தொடங்கிய மூன்றாம் பயணத்தில் வேறு ஓர் இடர் தோன்றியது. பழைய வேடிக்கைகள் யாவும் சுவை குன்றிவிட்டன. ஒரே விருந்தை நாள்தோறும் உண்டால் அதுவும் தெவிட்டும் அல்லவா? அப்போது ஃபியூரியின் தலைவர் ஹாப்னர் ஒரு புதிய வழி கூறினார். மாதம் ஒரு முறை மாறுவேட விழா நடத்தலாம். அதில் அதிகாரிகளும் மாலுமிகளும் ஒப்பப் பங்குகொள்ளலாம் என்றார். அவ்வாறே நடந்தது. யார் அதிகாரி, யார் மாலுமி என்று தெரியாதபடி அனைவரும் வேடம் பூண்டு ஆடிப் பாடினர். ஒரு மாலைப்பொழுது உயர்வு தாழ்வு மறைந்தது. ஆயினும் மறுநாள் காலையில் கட்டுப்பாடு சிறிதும் குலையவில்லை. பள்ளியும் தொடர்ந்து நடைபெற்றது. இவ்வாறு, முதற்பயணத்தில் கண்டு மகிழ்ந்தவர்கள், இரண்டாம் பயணத்தில் கற்று மகிழ்ந்தார்கள். மூன்றாம் பயணத்தில் கலந்து மகிழ்ந்தார்கள்.

பாரி காட்டிய வழியைப் பிற்காலத்தோர் போற்றிப் பின்பற்றினர். 1850-ஆம் ஆண்டில் பனிக்கடலில் குளிர்காலத்தைக் கழித்த ரெசொல்யூட், அசிஸ்டன்ஸ் என்னும் கப்பல்களில் நாடகங்களும் கையெழுத்து இதழ்களும் இருந்தன. 1902-ஆம் ஆண்டில் தென்துருவப் பகுதியில் தங்கிய ஸ்காட்டின் குழுவினரும் அவ்வாறே நாடகம் நடித்தனர்; இதழ் நடத்தினர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை, மெனஸ்தியஸ் என்னும் கப்பலைப் பசிபிக் கடலில் பணிபுரிந்த வீரர்களின் பொழுதுபோக்கிற்கென்றே நாடக அரங்கோடு மாற்றி அமைத்தது. இக்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் பெரிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் ஏறக்குறைய 5,000 பேர் வாழ்கின்றனர். விளையாட்டு, திரைப்படம், உடற்பயிற்சி ஆகியவற்றை நடத்துவதற்கென்றே அங்குத் தனி அலுவலர் இருக்கின்றார். நீர்மூழ்கிக் கப்பல்களில் பயணத்தின் பாதி நாள் கழிந்த இரவைச் சிறு விழாவாகக் கொண்டாடுவதும் உண்டு. நம் இந்தியப் படைகளில் 'படா கானா' என்னும் பெருவிருந்தில் அதிகாரிகளும் வீரர்களும் ஓரிடத்தில் கூடி உண்பர்.

ஆனால், விருந்தும் விளையாட்டும் நீதிக்கு ஈடாகா. இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படை நிலையத்தில் இந்திய மாலுமிகள் உணவை மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். தரமற்ற உணவும், மேலதிகாரிகளின் இழிவான சொற்களும், நாட்டு விடுதலை வேட்கையும் அதற்குக் காரணங்களாக இருந்தன. கிளர்ச்சி பிற கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் பரவியது. மதிக்கப்படாதவன் உள்ளத்தை எந்த இசைப்பெட்டியும் ஊக்குவிக்காது. பாரியின் மேடை பயன் தந்தது ஏன்? அம்மேடைக்குப் பின்னால் ஒரே அளவான ரொட்டியும், நேர்மையான பங்கீடும், நோயாளருக்காக முளைத்த கீரையும் இருந்தன.

பாரி தேடிச் சென்ற கடல்வழியை அவர் காணவில்லை. அவ்வழியே கப்பலில் முழுவதும் சென்று முடித்த பெருமை, 1903 முதல் 1906 வரை பயணம் செய்த நார்வே நாட்டு அமுந்சனுக்கே உரியதாயிற்று. மாலுமிகள் மேடையில் கண்ட வெற்றிக் கதை பாரியின் வாழ்நாளில் உண்மையாகவில்லை. எனினும் அவர் தோற்றவர் அல்லர். இருள் சூழ்ந்த காலத்தில் மனிதர் மனிதராகவே வாழும் வழியை அவர் கண்டார். அதுவும் ஒரு கண்டுபிடிப்பே ஆகும்.

துன்பம் வந்தபோது உள்ளம் கலங்காதிருக்கும் வலிமையைப் பேச வள்ளுவர் 'இடுக்கணழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வலிமை தானே வந்து அமைவதன்று. அதனை நாள்தோறும் பேணவேண்டும். பிறரோடு பகிர்ந்து வளர்க்கவேண்டும். ஓய்வு நேரம் நமக்கும் உண்டு. அதனை வெறுமனே போக்குவதும், ஓட்டத்தாலும் ஆட்டத்தாலும் கல்வியாலும் நிறைப்பதும் நம் கையில்தான் உள்ளன. நம் வகுப்பில், நம் வீட்டில், நம் ஊரில் எவரேனும் சோர்ந்து ஒதுங்கி அமர்ந்திருந்தால், அவரையும் அழைத்து ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். நெடுங்குளிர் இரவில் மேடை விளக்கை ஏற்றிய அம்மனிதர்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.

பயிற்சி

1. கப்பலோர்க்கு வேலையற்ற நாள்களே பெரும்பகை என்பதை விளக்குக.
2. மெல்வில் தீவில் மாலுமிகள் உடலும் உள்ளமும் நலமுற இருக்கப் பாரி செய்த ஏற்பாடுகள் யாவை?
3. நாடகம் நடந்த நாளைவிட அதனைச் சார்ந்த நாள்கள் மிகுந்த பயன் தந்தன என்பது எவ்வாறு?
4. பாரியின் மூன்று பயணங்களிலும் பொழுதுபோக்கு எவ்வாறு வளர்ச்சி பெற்றது?
5. 'விருந்தும் விளையாட்டும் நீதிக்கு ஈடாகா' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.